தியாகி பிரஸ்

– அந்த போர்டைக் கழட்டிருங்க, பெத்துராஜ் அண்ணாச்சி. நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.

– எதை? ‘தியாகி பிரஸ்’ங்குற போர்டையா? நல்லாருக்கே தாயி! நூறு வருசமா ஜெயிலுக்குப் போன குடும்பம், கேட்டியா.

– ஒரே ஒரு ஆளு. ஆறே மாசம்.

– ஆறு மாசம்னா சும்மாவா சங்கரேஸ்வரி? வெள்ளைக்காரன் ஜெயிலு! தூத்துக்குடியில பிரஸ் வச்சிருந்த எங்க பூட்டன், ‘வெள்ளையனே கப்பலேறு’ன்னு நோட்டீஸ் அடிச்சாரு. அதைச் சொல்லித்தான் சங்கரன்கோவில்ல ஆடித்தபசு நோட்டீஸ் பூரா எனக்கு வருது. உன் மெஷினு ஒட்டடை படிஞ்சு கெடக்காமே?

– கெடக்கு. ஆனா அந்த நோட்டீஸை அடிச்சது எங்க பூட்டன், அண்ணாச்சி.

– ஏட்டி!

– கோவப்படாதீங்க. துறைமுகத்துக்கிட்ட ரெண்டு பேரு பிரஸ்ஸும் எதிரெதிர. கப்பல் வந்தா, சரக்கு நோட்டீஸ் யாருக்குன்னு அடிபிடி. எழுத்துக் கோக்குற எங்க கம்பாசிட்டருக்குக் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடுத்தே உங்க ஆளு இழுத்துட்டுப் போயிட்டாரு. எங்க ஆளுக்கு வயிறு எரிஞ்சு போச்சு. வெள்ளைக்காரனைத் திட்டி நோட்டீஸ் அடிச்சு, அடியில உங்க பிரஸ் பேரைப் போட்டுட்டாரு. அச்சடிச்ச பிரஸ் பேரு அடியில இருக்கணும்னு சட்டம்லா? போலீஸ் நேரா உங்க வீட்டுக்கு வந்துட்டு.

– நல்லாக் கதை விடுத.

– இந்தா நோட்டீஸு. ‘ழ’வுக்கெல்லாம் வாலு ஒடஞ்சிருக்கு, பாருங்க. இது எங்க பரண்ல கெடந்த ஈய எழுத்து. இதுலயும் அதே வாலு இல்ல. வச்சுப் பாருங்க.

– கண்ணாடியை எடு... ம். இல்லதான்.

– அப்போ போர்டைக் கழட்டிருவீங்கல்லா?

– எதுக்குக் கழட்டணும்? எவன் அடிச்சா என்ன தாயி? அடியில யாரு பேரு? எங்க பேரு. உள்ள போய்க் களி தின்னது யாரு? எங்க ஆளு. உள்ள போனவன்தான் தியாகி, கேட்டியா. உம் பூட்டனுக்கு வேணும்னா ஒரு மாலை போடுதேன்.

– இதான் கடைசிப் பேச்சா?

– கடைசிப் பேச்சேதான். உன்னால என்ன செய்ய முடியும்? ஏட்டி, நான் பேசிக்கிட்டு இருக்கும்போது யாருக்குப் போன் போடுத?

– ஏலே சுடலைமணி, ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளரைக் கழுதை மேல உக்கார வச்சு, நேத்து ஒட்டடையத் தட்டி நம்ம மெஷின்ல அடிச்சோம்லா, அந்தப் போஸ்டரை பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டிரு. அடியில ‘தியாகி பிரஸ்’னு போட்டிருக்குல்லா, அது மேல மட்டும் பசை படாமப் பாத்துக்கோ.