குழியில் தண்ணீர் வந்தால்

எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை, ஐயா. அதன் உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிட்டது. அடுப்பு, கம்பளங்கள், கோப்பைகள் எல்லாம் அப்படியேதான் கிடக்கின்றன. பெண் வீட்டார் நாங்கள் சீர்ப் பொருள்களை வாங்கி வைத்துவிட்டோம். மாப்பிள்ளை வீடு கட்ட வேண்டும். இந்த எகிப்தில், எங்கள் அக்மீம் ஊரில் வேறு எப்படிக் கல்யாணம் நடக்கும்?

மாப்பிள்ளை ஷவ்கியின் காலி மனை எங்கள் வீட்டுக்கு எதிரில்தான். இந்த ஊரில் தொல்லியல் துறை சோதித்து எழுதிக் கொடுத்த பிறகே அடித்தளம் போடலாம். சோதனைக் குழியை மனிதர் கை படாத மண் வரும்வரை தோண்டுவார்கள். நடுவில் நிலத்தடி நீர் ஊறினால் நிறுத்தி, மூடி, அனுமதி கொடுத்துவிடுவார்கள். அதுதான் வழக்கம். ஊரில் பாதி வீடுகள் அந்தத் தண்ணீரின் தயவில் நிற்கின்றன.

எங்களுக்கு வந்த ஆய்வாளர் ராவியா. நல்ல பெண். என் வயதுதான் இருக்கும். தூரிகையால் மண்ணைத் தள்ளுவதைப் பார்த்தால் குழந்தைக்குப் பவுடர் போடுவது போலிருக்கும். மற்ற குழிகளில் ஒன்றுமில்லை. கடைசிக் குழியில் ஒரு மண்செங்கல் சுவர் தலைகாட்டியது. அத்தோடு எல்லாம் நின்றது. கடிதம் போனது. குழு வந்தது, பார்த்தது, போனது. ரமலான் வந்து போய், மறுபடியும் வந்தது.

“பார்வோன் பொண்டாட்டிக்கெல்லாம் வீடு இருக்கு, என் மருமகளுக்குத்தான் இல்ல,” என்று ஷவ்கியின் அம்மா சிரிப்பார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். மாடி வீட்டோடு இருக்கும் ஓர் அத்தை மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

ராவியாவிடம் கேட்டுப் பார்த்தேன். “மேடம், அது வெறும் மண் சுவர்தானே?”

“சுவர்னா அதுக்குள்ள யாரோ குடியிருந்திருப்பாங்கல்ல, சமாஹ்.”

“நாங்களும் குடியிருக்கணும்ல மேடம்.”

அவர் சிரித்தார். தேநீருக்கு இன்னும் சர்க்கரை கேட்டார்.

மனைக்குப் பின்னால் தீவனப்புல் வயல். வாய்க்கால் மடையைத் திறந்தால் தண்ணீர் மனையோரம் தேங்கும். பெருநாள் விடுமுறை முழுக்க ஓடவிட்டு, அவர்கள் மறுபடி தோண்ட வரும் காலையில் மண் வைத்து அடைத்தேன். குழியில் தண்ணீர் தெரியும், மூடிவிடுவார்கள். என் திட்டம் அவ்வளவுதான். யாருக்கும் தீங்கில்லை.

ராவியா மூடவில்லை. நீர் இறைக்கும் மோட்டாரும் முட்டுப் பலகைகளும் கொண்டுவர ஆட்களை அனுப்பினார். அதற்குள் சுவர் கரைந்துவிடுமோ என்று, அதை வரைந்து வைக்கத் தானே இறங்கினார். நான் தேநீரோடு மேலே நின்றேன்.

“சமாஹ், இது அடியிலேருந்து ஊறின மாதிரி இல்ல. வயல் பக்கம் மட்டும் நனைஞ்சிருக்கு, பாத்தியா?”

“பழைய ஈரம் மேடம்.”

“குழி சரிஞ்சிடாதுல்ல? மண்ணைப் படிச்சவ நீதான், சொல்லு.”

நான் நிலவியல் பட்டதாரி. வண்டல் மண் தண்ணீர் குடித்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியும். விளிம்பில், என் செருப்புக்கு முன்னால், ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஏறி வாருங்கள் என்றால் வந்திருப்பார். வந்தால் வயலைப் பார்ப்பார். மடையைப் பார்ப்பார்.

“சரியாது மேடம். நிதானமா வரைங்க,” என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

மண் சரிந்தபோது பெரிய சத்தமில்லை. மாவு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

உடனே கத்தவில்லை. கத்தினால் தேநீர்க் கடையிலிருந்து எல்லோரும் ஓடிவருவார்கள். மடை அடைத்த மண் புதிதாகத் தெரிந்தது. முதலில் போய் அதன்மேல் வைக்கோலைப் பரப்பினேன். பிறகு வந்து கத்தினேன்.

நீங்கள் இதற்கு வைக்கும் பெயரை நான் மறுக்கவில்லை, ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

ராவியாவின் உடலை எடுத்த பிறகு குழியை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் அனுமதி வந்துவிடும். ஷவ்கி இன்னும் காவல் நிலையத்துக்கு என்னைப் பார்க்க வரவில்லை. அடித்தள வேலையில் இருப்பார். வந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், சலவை இயந்திரத்தை ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும்.