தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்

நீங்கள் கொடுத்த தண்ணீருக்கு நன்றி, ஐயா. உப்புதான் கொஞ்சம் தூக்கல். தப்பாக நினைக்காதீர்கள், பதினோரு வருடப் பழக்கம்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலையே தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான். தண்ணீரில் மின்சாரம் பாயும் என்று பள்ளியில் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அதற்கு வழிவிடுவது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் உப்பு. அதை நீக்கிவிட்டால், ஒரு தொட்டியில் இரண்டு எஃகுத் தகடுகளை வைத்து, நடுவே தண்ணீரை நிரப்பி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கியே செய்யலாம். அங்கே எண்ணெயை நிரப்பினால் பிடிப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் பிடிக்கும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குத்தான். என் மனைவியிடம் சொன்ன ரகசியம் மாதிரி, உடனே கசிந்துவிடும்.

அங்கே பொறியாளர் என் மனைவியின் தம்பி. கெட்டிக்காரர். தொட்டிக்குள் கையை விடுமுன் எர்த் கம்பியால் தகட்டைத் தொட்டு, மிச்ச மின்சாரத்தை இறக்க வேண்டும். தினமும் சொல்வேன். சிரிப்பார்.

"தண்ணில எங்க மாமா மிச்சம் நிக்கப் போவுது? எல்லாம் தானா இறங்கிருக்கும்."

பிறகு வந்திருப்பவர்களிடம், "இவர்தான் நம்ம தண்ணிக்காரர்" என்று என்னைக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

எனக்கு அவருடைய பாதுகாப்புதான் கவலை. வாயால் சொல்லிக் கேட்காதவருக்குச் செய்து காட்டிவிடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை தொட்டியை வடித்துவிட்டு மின்மாற்றி எண்ணெயை நிரப்பினேன். அதுவும் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். பிடிப்பது கொஞ்சம்தான். பிடித்ததை லேசில் விடாது. ஒரு ஆளுக்கு அந்தக் கொஞ்சம் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போதும்.

மறுநாள் அவர் மின்சாரம் ஏற்றியபோது மீட்டர் குறைவாகக் காட்டியது. "என்ன மாமா, தண்ணிய ஒழுங்கா சுத்தம் பண்ணலையா?" என்று கேட்டபடியே இணைப்பைத் துண்டித்து, மூடியைத் திறந்து கையை விட்டார். பதில் சொல்ல எனக்கு அவகாசம் இல்லை.

கம்பியா? எப்போதும் அதன் ஆணியில்தான் தொங்கும். அன்று மட்டும், துடைப்பதற்காக, என் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

மனைவி இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. "நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்களே, கேக்கலையே அவன்" என்று என் தோளில் சாய்ந்து அழுகிறாள். எனக்கும் வருத்தம்தான். அவளுக்கு இருந்தது ஒரே தம்பி.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் யாரைக் கேட்டீர்களோ, தொழில் என்கிற இடத்தில் தண்ணிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை அடியுங்கள். அதுவரை பேனாவைத் தொட மாட்டேன்.