காசைத் திருப்பிப் பார்த்தவன்

ஹலோ… இல்ல ராத்கோ, நீங்க நிறுத்துங்க, நான் முதல்ல… நான்தான் ஸோர்கா, வேற யாரு… கத்துறது உங்க கூம்தான், ஞானஸ்நான உறவு. என் புருஷன் விதோயே. பட்டறையில அவர் கையை வைஸ் இடுக்கியில மாட்டித் திருகி வச்சிருக்கான் க்வோஸ்தென்… ஆமா, அந்தப் பழைய ரோம் காசை வாங்குனவன். ஆமா, ஆமா, வலது கை.

எப்படித் தெரிஞ்சுதா? திருப்பிப் பார்த்திருக்கான்… பின்பக்கத்தை. முன்பக்கத்துல மாக்னென்ஷியஸ் ராஜா பேரைச் சுரண்டிட்டு நேபோசியன்னு இன்னொரு ராஜா பேரை வெட்டுனாரே இவர், அதுல உளித்தடமே தெரியலையாம். பாராட்டிக்கிட்டே திருகுறான்… ஆனா பின்னாடி, அடியில பொடி எழுத்துல, காசு அடிச்ச ஊர் லியோன்னு இருக்கே. நேபோசியன் ரோமைத் தாண்டி ஆண்டதே இல்லையே. மாசம் முடியறதுக்குள்ள தலையை வெட்டி ஈட்டியில குத்திட்டாங்க. அவன் எப்படி லியோன்ல காசு அடிச்சான்னு கேக்கறான்.

பழியை என் புருஷன் மேல போடாதீங்க. மாக்னென்ஷியஸ் காசு வயலை உழுதா வரும், நேபோசியனுக்குத்தான் மவுசுன்னு அதைக் கொண்டாந்தது யாரு? 'முன்னாடி மட்டும் வெட்டு, பின்னாடி எவன் பாப்பான்'னு சொன்னது? காப்பியோட நின்னு கேட்டவ நான்…

க்வோஸ்தென், பேசிக்கிட்டிருக்கேன்ல.

நீங்க வந்தா இவரை விட்டுடறேங்கறான்… எங்க இருக்கீங்க?… பெல்கிரேட்லயா? ம்… ம்… வேணாம், ஆணையெல்லாம் வேணாம்…

…அது விரல் முறிஞ்ச சத்தம். சுண்டுவிரல்னு நெனைக்கறேன். நீங்க ஏன் அழறீங்க, உங்க விரலா?

'மேல கடவுள், கீழ கூம்'… அதை எனக்கே சொல்றீங்களா? தெரியும். கூமைக் காட்டிக் குடுத்த வீடு விளங்காது. என் பொண்ணை ஞானஸ்நானத்துல கையில ஏந்துன மனுஷன் நீங்க. அதனாலதான் கெஞ்சிக்கிட்டு…

இருங்க. அது என்ன சங்கு?… லாரியா? எங்கப்பா ஓட்டுன படகோட சங்கு அது. ராம் ஊர்ப் படகுத்துறையில இருக்கீங்க. டான்யூப் ஆத்தைத் தாண்டித் தப்பிக்கப் போறீங்க…

போறியா, ராத்கோ? இவரை இப்படியே விட்டுட்டுப் போறியா?

…

க்வோஸ்தென், கையைத் தளர்த்து. ராம் படகுத்துறையில நிக்கறான். சங்கு இப்பதான் ஊதுச்சு, படகு கிளம்பக் கொஞ்ச நேரம் ஆகும். உன் ஆளுங்க பக்கத்துலதானே இருக்காங்க… முதல்ல தளர்த்து. நான் சொல்லிட்டேன்ல.

…கூமே, லைன்லதான் இருக்கே, மூச்சு கேக்குது. பொண்ணு வந்து உன்னைக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?