சுவருக்கு அந்தப் பக்கம்

செம்மநத்தம் பஸ் ஏற்காட்டைத் தாண்டியதும் ஒரு புது மனைப்பிரிவின் வாசலில் நின்றது. அங்கே ஏறிய பெண் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"எங்க அக்கா ஊட்டுக்குப் போறேனுங்க. எங்க ஊட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்குது."

"அதுக்கு எதுக்குங்க பஸ்ஸு?"

"முந்தி அது காப்பி எஸ்டேட்டுங்க. நடுவுல ஒத்தையடிப் பாதை ஓடும். எஸ்டேட்ட ரெண்டா வித்து, ரெண்டு பேரு மனை போட்டாங்க. இப்ப எங்க தெருவும் சுவத்துல முட்டுது, அவ தெருவும் சுவத்துல முட்டுது. மெயின் ரோட்டுக்கு வந்து, மலையச் சுத்தித்தான் போவோணும்."

"சுவத்துல ஒரு கதவு வெக்கச் சொல்லலீங்களா?"

"கேட்டோமுங்க. திருடன் வருவான்னு ரெண்டு பக்கத்துக்காரங்களும் சொல்லிட்டாங்க. போன மழையில அக்கா வாசல்ல வழுக்கி உழுந்துட்டா. ஊட்ல வேற யாருமில்ல. 'கண்ணு, கண்ணு'ன்னு என்னயக் கூப்புட்டு அவ கத்துறது இங்க எனக்குக் கேக்குது. ஏணி வெச்சு ஏறிட்டனுங்க. ஏறுனப்புறந்தான் தெரியுது, அந்தப் பக்கம் எறங்க ஏணி இல்ல. குதிச்சுட்டேன்."

"ஐயோ! அப்புறம்?"

"அவளுக்கு இடுப்பு, எனக்குக் காலு. ரெண்டு பேரும் ஒரே ஆம்புலன்ஸ்ல சேலம் போனோமுங்க."

பக்கத்துப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னவளும் சிரித்தாள்.

"அதுக்கப்புறமாச்சும் கதவு வெச்சாங்களா?"

"இல்லீங்க. ஒரு பொம்பளையே ஏறிக் குதிச்சுட்டான்னு, சுவத்த இன்னும் ரெண்டடி ஒசத்திட்டாங்க."

அடுத்த நிறுத்தத்தில் அவள் கம்பியைப் பிடித்து, ஒரு காலை முதலில் ஊன்றி, மெதுவாக இறங்கிப் போனாள்.