தங்கராஜ் நடந்த இருபது அடி

ராத்திரி ஏழே முக்கால். டிசம்பர் குளிர். தேஹு ரோடு ஸ்டேஷனிலிருந்து ராணுவ டெப்போவுக்குப் பின்னால் போகிற ரோட்டில் ஈ காக்காய் கிடையாது... ராஜி ஒருத்திதான் நடந்து போனாள்.

எந்த ராஜியா? நம்ம பி விங் ஸ்வாமிநாதனின் ஒன்றுவிட்ட அக்கா பெண். கரண்ட் வருகிற வரைக்கும்தான் சொல்வேன். வைஷாலி, மெழுகுவத்தியை நடுவில் வை. இன்னும் கிட்ட வாங்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். யூனிவர்சிட்டியில் பக்கவாதத்தைப் பற்றி பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தாள். விழுந்துபோன கைகாலைப் பயிற்சி கொடுத்தே எவ்வளவு மீட்கலாம் என்று ஆராய்ச்சி. நாற்பது நோயாளிகள். வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தர வேண்டும், முன்னேற்றத்தைப் படிவத்தில் எழுத வேண்டும். கிட்டத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒழுங்காக ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டாள். தேஹு ரோடு தங்கராஜ் மட்டும் இவள் தலையில். லோக்கல் ரயில் பிடித்து, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, மார்ச் மாத வெயிலில்... இரண்டு வியாழன் போனாள். "அடுத்த வாரம் எழுந்து நிக்க வெச்சுடறேன் அங்கிள்" என்று தோளைத் தட்டிவிட்டு வந்தவள்தான். அப்புறம் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை.

படிவம் மட்டும் தவறாமல் போயிற்று. ஹாஸ்டல் கட்டிலில் குப்புறப் படுத்து, சேவ் பூரி தின்றுகொண்டே எழுதுவாளாம். ஆகஸ்ட் பதினாலு: 'துணையில்லாமல் நடக்கிறார். இருபது அடி.' கெட்டிக்காரி! ஒரேயடியாக ஐம்பது என்று எழுதினால் சந்தேகம் வருமே.

டிசம்பரில் புரொஃபசர் குண்டைத் தூக்கிப் போட்டார். கடைசிப் படிவத்தில் நோயாளியின் கையெழுத்து வேண்டும். ஒருத்தர் குறைந்தாலும் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் குட்டு உடையும். ஐந்து வருஷப் படிப்பு ஒரு கோணல் கையெழுத்தில் தொங்கியது.

தங்கராஜ் வீட்டுக் கதவு, தட்டுவதற்கு முன்பே திறந்தது. தங்கராஜின் மனைவி மல்லிகா. உள்ளேயிருந்து வாதநாராயணத் தைல வாசனை... கூடவே ஷேவிங் சோப்பு வாசனை.

"வா பாப்பா. கிழமை தப்பாம வந்துட்ட. மாசந்தான் கொஞ்சம் தப்பிப்போச்சு."

"அங்கிள் எப்படி இருக்கார் ஆன்ட்டி? ஒரே ஒரு கையெழுத்து..."

மல்லிகா சுவரைக் காட்டினாள். மாலை போட்ட படம். சின்ன சிவப்பு பல்பு.

"மே மாசம் பூட்டாரு. வியாழனுக்கு வியாழன் ஷேவ் பண்ணி, சட்டை மாட்டி, வாசலப் பாக்க நாற்காலியில உக்கார வெப்பேன். பொண்ணு வருது பொண்ணு வருதுன்னு கொழறுவாரு. ஒம்பதாவது வியாழன்... உக்காந்த வாக்குலயே."

ராஜிக்கு அழுகை வரவில்லை. செத்தவரிடம் கையெழுத்து எப்படி வாங்குவது என்றுதான் முதலில் தோன்றிற்றாம். மனசு அவ்வளவு சுத்தம்!

"ஆனா நடக்கறாரு," என்றாள் மல்லிகா.

"யாரு?"

"ஆகஸ்ட் பதினாலு ராவு ஆரம்பிச்சாரு. சமையக்கட்டுலேர்ந்து வாசப்படி வரைக்கும். இருபது அடி, எண்ணியிருக்கேன். இருபத்தோராவது அடி அவரால வெக்க முடியல பாப்பா. அங்கியே நின்னு அழுவறாரு."

அந்தத் தேதி, அந்த எண்... ராஜிக்கும் படிவம் வாங்கிய புரொஃபசருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

சமையலறைப் பக்கம்... சர்ர்ர்... டக். சர்ர்ர்... டக். இழுக்கிற கால், ஊன்றுகிற கால். எண்ணக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். எண்ணினாள். பதினெட்டு... பத்தொன்பது... இருபது. சோப்பு வாசனை அவள் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

மல்லிகா குரலை உயர்த்தவே இல்லை. "நீதான் என்னவோ எழுதிப்புட்ட. செத்துட்டார்னு எழுதிக் குடுத்துடு. போவட்டும் மனுசன்."

"சத்தியமா எழுதறேன் ஆன்ட்டி." ஓடினாள்.

திரும்புகிற லோக்கலில், லேடீஸ் பெட்டியில் அவள் மட்டும். கடைசிப் படிவத்தை மடியில் விரித்தாள். 'இறந்துவிட்டார்.' ஒரே ஒரு வார்த்தை. எழுதினால் ஆகஸ்டில் நடந்தது யார் என்று கேட்பார்கள். சிஞ்ச்வட் வரைக்கும் பேனா அசையவில்லை. அப்புறம் இடது கையால் கோணலாகத் தங்கராஜின் கையெழுத்தைப் போட்டாள்! போட்டதும் இன்னொரு கவலை. ஆகஸ்டில் இருபது அடி என்றால் டிசம்பரில் கூடியிருக்க வேண்டாமா?

'வீட்டுக்கு வெளியே நடக்கிறாரா?' ஆம்.

'எவ்வளவு தூரம்?' எவ்வளவு தூரமானாலும்.

பட்டம் வந்தது. கல்யாணமும் ஆயிற்று. தேஹு ரோடு வீட்டில் அன்றைக்கு ராத்திரியோடு சத்தம் நின்றுவிட்டதாம்... மல்லிகா நிம்மதியாகத் தூங்கினாள்.

ராஜி மகர்பட்டாவில் பதினோராவது மாடியில் வீடு வாங்கினாள். முதல் மாடி மலிவாகக் கிடைத்தும் வேண்டாம் என்றாள். புருஷன் காற்றுக்காக என்று நினைத்தான், பாவம். படிவத்தில் 'படி ஏறுகிறாரா?' என்ற கேள்விக்கு மட்டும் அவள் 'இல்லை' போட்டிருந்தாள். வியாழன் ராத்திரிகளில் கீழே ஏதோ காலை இழுத்து இழுத்து வந்து முதல் படியோடு நின்றுவிடுகிறது என்று வாட்ச்மேன் சொன்னபோதுகூட அவள் சிரித்தாளாம்.

போன வியாழன், புருஷன் ஊரில் இல்லாத ராத்திரி, ஸ்வாமிநாதனுக்கு போன் பண்ணினாள். இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கடைசியில், "மாமா, அதுல இன்னொரு கேள்வி இருந்தது... மறந்தே போயிட்டேன். 'விரலால் சுவிட்சை அமுக்குகிறாரா?' நான் ஆம்னு போட்டுட்டேன் மாமா..."

அதோடு அவள் பேச்சு நின்றது.

லிஃப்ட் கதவை யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் கதவைச் சாத்தும்படி ஒரு பெண் குரல் ஹிந்தியில் விடாமல் சொல்லுமே, 'கிருபயா தர்வாஜா பந்த் கீஜியே' என்று... விடிகிற வரைக்கும் ஸ்வாமிநாதனுக்கு போனில் அது ஒன்றுதான் கேட்டதாம்.