நாற்பத்தேழாம் பக்கம்

— நாப்பத்தேழாம் பக்கத்தை இப்பவே கிழிச்சுப் போடு.

— அக்கா, கதவைச் சாத்து. பக்கத்து ரூம்ல டப்பிங் ஓடுது.

— ஓடட்டும். உன் சினிமாவும் வேணாம், அதுல பேசுற பாஷைக்கு நீ எழுதுன இலக்கணப் புத்தகமும் வேணாம். கிழிடா.

— ஒண்ணைக் கிழிச்சா ஆச்சா? ஆயிரம் காப்பி அடிச்சாச்சு. உக்காரு, தண்ணி குடி.

— தண்ணின்னு சொல்லாத! காலையில அப்பா சாப்பாட்டு மேசையில உக்காந்துக்கிட்டு 'லிமு'ங்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கரண்டியக் கீழ போட்டுட்டேன். 'என்னம்மா முழிக்கிற, லிமுன்னா தண்ணி, மூணாம் பாடம்'னு சிரிக்கிறார்.

— அப்பாவா? சிரிச்சாரா?

— லென்ஸை வச்சுக்கிட்டு தினம் ஒரு பாடம். அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதானே சின்ன வயசுல நாம அந்தப் பாஷையையே உண்டாக்கினோம்? இப்போ பென்சில்ல கோடு போட்டுப் படிக்கிறார். எவன் அனுப்புனான் அவருக்கு அந்தப் புத்தகத்த?

— பொறு பொறு. புத்தகம் எப்படி இருக்கு, அதச் சொல்லு. ஆறு வருஷ உழைப்பு.

— என்னத்தச் சொல்ல! நாம அடுப்படியில பேசுன பேச்சை எடுத்துச் சினிமாவுல வர்ற துறைமுகத்துக்காரங்களுக்குக் குடுத்துட்ட. மாடிப்படிப் பேச்சு மலைக்காரங்களுக்கு. எனக்கு முன்பல்லு உடைஞ்சு 'ச' வராமத் தவிச்சேனே, அதுக்கு ஒன்றரைப் பக்கம் விதி! என் ஓட்டைப் பல்லு ஒரு ஊருக்கே இலக்கணமாடா?

— அந்த ஊரு ராணியே அப்படித்தான் பேசுறா.

— இளிக்காத. நாப்பத்தேழாம் பக்கத்துக்கு வா.

— அங்க ஒரு உதாரணம் தேவைப்பட்டுச்சு. போட்டேன்.

— உலகத்துல வேற உதாரணமே கிடைக்கலையா உனக்கு? 'சாவியை அம்மாவிடம் கொடுத்தது நான்தான்.' கொட்டை எழுத்துல. கீழயே அர்த்தத்தோட!

— அந்தப் பாஷையில நாம ரெண்டு பேரும் பேசுனதத் தவிர வேற வாக்கியம் ஏதுக்கா? புத்தகம் பூரா அதான். எழுத எழுத அதான் கையில வந்துச்சு.

— இன்னைக்குப் பத்தாம் பாடம் முடிச்சிருக்கார். இது பன்னெண்டுல வருது. ரெண்டே நாள்! அம்மாவ அவர் வச்சுப் பூட்டுன ரூம் சாவிய ஆணியிலேருந்து எடுத்துக் குடுத்தது நான்னு தெரிஞ்சா...

— தெரியட்டுமே. எழுபத்தெட்டு வயசுல அடிக்கவா போறார்?

— அடிச்சாத் தாங்கிக்குவேன். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம், 'பொண்டாட்டி ஓடிட்டா, பையன் கதவத் தொறந்து விட்டான், எனக்குத் துரோகம் பண்ணாதது இவ ஒருத்திதான்'னு சொல்றார்டா. அந்த ஒரு பேச்சுலதான் நான் அந்த வீட்டுல தலை நிமிந்து நடக்கிறேன்.

— அந்தப் பேச்சுக்காக நான் எத்தனை வருஷம் ஹாஸ்டல்ல கிடந்தேன்?

— தம்பி...

— எனக்கு ஒம்பது வயசு. காதைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனார். நீ வாசப்படியில நின்னுட்டு இருந்த. வாயத் தொறக்கல.

— எனக்கு மட்டும் என்ன வயசு? பதிமூணு. பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு.

— முப்பத்தொரு வருஷமா என் மூஞ்சியில முழிக்கல அந்த மனுஷன். என் கல்யாணத்துக்கு வரல. என் பொண்ணு பேரு என்னன்னு கேக்கல.

— சார், ராணிக்குக் குரல் குடுக்கிறவங்க மைக் முன்னாடி நிக்கிறாங்க. அந்தக் கோபமான வசனத்த ஒருதடவை சொல்லிக் காட்டிட்டீங்கன்னா...

— அஞ்சு நிமிஷம்மா. கதவச் சாத்திட்டுப் போங்க.

— டேய், என் கண்ணப் பாத்துச் சொல்லு. கை தவறித்தானே போட்ட?

— புத்தகத்த அவருக்கு அனுப்புனதே நான்தான்க்கா.

— அடப்பாவி!

— இதுக்குன்னே எழுதி, இதுக்குன்னே அனுப்புனேன். சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது, 'என் புள்ள செய்யல'ன்னு அவர் நெனைக்கட்டும்னு. எனக்கு ஆசையா இருக்காதா?

— இருக்கும்டா. இருக்கும். தப்பு பூரா என்னோடதுதான். உன் கால்ல வேணாலும் விழுறேன். அவர் இருக்கிற வரைக்கும் விட்டுடு. நான் போய்ப் புத்தகத்த ஒளிச்சு வச்சுட்டு, தொலஞ்சு போச்சுன்னு சொல்லிடுறேன். நீ போன் கீன் பண்ணி எதையாவது உளறிடாத.

— நான் பண்ணல. அவரே பண்ணார்.

— யாரு? அப்பாவா? உனக்கா?

— நேத்து சாயங்காலம். யாரு பேசுறதுன்னுகூடச் சொல்லல. 'ஹுலே'ன்னு ஒரே வார்த்தை. வச்சுட்டார்.

— 'ஹுலே'ன்னா 'மன்னிச்சுக்கோ'ல்ல... அதையுமா புத்தகத்துல போட்டுட்ட?

— போடல. அது கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு, வெறும் மூச்சுக்காத்துல நாம பேசுன பேச்சு. அதுலேருந்து ஒரு சொல்லக்கூட நான் யாருக்கும் குடுக்கல. சினிமாவுக்கும் குடுக்கல, புத்தகத்துலயும் எழுதல; சாவி வாக்கியத்தக்கூட அடுப்படிப் பேச்சுக்கு மாத்தித்தான் போட்டேன்.

— அப்போ அவருக்கு எப்படிடா தெரியும்?

— அதத்தான் விடிய விடிய யோசிச்சேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு அப்பவே எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்கிட்டிருக்கார். என்னை இழுத்துட்டுப் போறதுக்கு முந்தின ராத்திரி, சாவி விஷயத்த நீ என்கிட்ட சொன்னது அந்தக் கட்டிலடியிலதானே? நீதான்னு தெரிஞ்சேதான்க்கா என்னை ஹாஸ்டல்ல கொண்டுபோய்த் தள்ளியிருக்கார்.