புறா நிறத்துக்கு விளக்கு இல்லை

தம்பி: இன்னும் ரெண்டடி பின்னால போங்க அண்ணி... போதும், போதும்! திரையோட போய் ஒட்டிக்காதீங்க.

அண்ணி: நீ முதல்ல ஏணியைக் கெட்டியாப் பிடி. மேல தொங்கிட்டு எனக்கு வழி சொல்ல வந்துட்டான்.

தம்பி: லைட்மேன் சொன்னா ஆடறவங்க கேக்கணும். வீட்டுலதான் நீங்க அண்ணி.

அண்ணி: ஓஹோ! ராத்திரி பசிக்குதுன்னு சமையல்கட்டுக்கு வருவேல்ல, அப்ப வெச்சுக்கறேன்... ஆமா, இது என்ன வெளிச்சம்? என் கை யாரோட கையோ மாதிரி இருக்கு.

தம்பி: புதுசா ஒண்ணு போட்டுப் பாக்கலாம்னு...

அண்ணி: நீலம் எங்க? ஒத்திகை பூரா நீலத்துலதானே ஆடினேன்?

தம்பி: லைட்டு முன்னால மாட்டற அந்த நீல பேப்பர் வெளுத்துப்போச்சு.

அண்ணி: புளுகாதே. போன வாரம்தான் புதுசா வெட்டினே. கத்தரிக்கோல் எடுத்துக் குடுத்ததே நான்தான்.

தம்பி: ...நீங்கதானே சொன்னீங்க, பழைய சாஸ்திரத்துல ஒவ்வொரு ரசத்துக்கும் ஒரு நிறம் இருக்குன்னு? கோபத்துக்குச் சிவப்பு, சிரிப்புக்கு வெள்ளை, காதலுக்குக் கருநீலம். சோகத்துக்குப் புறா நிறம்.

அண்ணி: சொன்னேன். அதுக்கு?

தம்பி: புறா நிறத்துல வெளிச்சமே கிடையாது அண்ணி. சாம்பல் பேப்பரைப் போட்டா மங்குது, அவ்வளவுதான். மண்டையை உடைச்சுக்கிட்டு, வெள்ளையைக் குறைச்சு, பக்கத்துலேருந்து துளி நீலத்தைக் கசியவிட்டு... ஒருவழியாப் பிடிச்சேன்.

அண்ணி: அழகாத்தான் இருக்கு. தண்ணிக்குள்ள நிக்கற மாதிரி... தூசி எப்படி மிதக்குது பாரு. இப்படியே நின்னா தூங்கிடுவேன் போல.

தம்பி: அப்ப இதையே வெச்சுக்கலாமா?

அண்ணி: ம்ஹூம். இந்தப் பாட்டு சோகம் இல்லடா. காதல்.

தம்பி: எது காதல்? பாட்டு பூரா அழுதுட்டு இருக்கா! புருஷன் கடல் தாண்டிப் போயிட்டான். காத்து கதவைத் தட்டினாக்கூட அவன்தான்னு எழுந்து ஓடறா.

அண்ணி: ஓடறால்ல? அதான் காதல். அழுகை ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆள் வருவான்னு ஒரு நூல் இருக்கற வரைக்கும் அது பிரிவு. நூல் அறுந்தாத்தான் புறா நிறம். நானா சொல்லல, எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க.

தம்பி: எழுதினவங்களுக்கு என்ன... ஆடறவங்களுக்கே அந்த நூல் இல்லன்னா?

அண்ணி: என்ன கேட்டே?

தம்பி: ஒண்ணுமில்ல. ஸ்க்ரூ லூஸா இருக்கு.

அண்ணி: லைட்டுக்கா, உனக்கா?

தம்பி: விளையாடாதீங்க அண்ணி. அண்ணன் வேலைக்குன்னு வெளிநாடு கிளம்பினப்புறம் நீங்க ஆட ஆரம்பிச்ச பாட்டு இது. அதுல இருக்கறது உங்க துக்கம் இல்லையா?

அண்ணி: என் துக்கம் மேடை ஏறினா, பாக்கறவங்க ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க. அது ரசம் ஆகாது.

தம்பி: பின்ன எப்பதான் ஆகும்?

அண்ணி: யாரோடதுன்னு தெரியாமப் போகும்போது. கனவுல அழுவோமே... முழிச்சுப் பாத்தா தலையணை நனைஞ்சிருக்கும், எதுக்கு அழுதோம்னு ஞாபகம் இருக்காது, மனசு மட்டும் லேசா இருக்கும். அந்த மாதிரி.

தம்பி: நேத்து ஒத்திகையில தாழ்ப்பாள் வரைக்கும் போன கை அப்படியே நின்னுடுச்சே... கதவைத் திறக்கவே இல்லையே. அது யாரோடது?

அண்ணி: ...கவனிச்சியா?

தம்பி: எனக்கு வேலையே உங்க கையைப் பாக்கறதுதானே.

அண்ணி: ஏதோ மறந்துட்டேன்.

தம்பி: நீங்களா? தூக்கத்துல எழுப்பினாலும் ஆடுவீங்களே!

அண்ணி: சரி, நீ இறங்கி வா.

தம்பி: மாட்டேன். கீழ வந்தா உங்க முகத்தைப் பாக்கணும். இங்கேயிருந்துதான் என்னால சொல்ல முடியும்.

அண்ணி: ...சொல்லு.

தம்பி: அண்ணன் போன் பண்ணினான். அங்கேயே இருந்துடப் போறானாம். ஒருத்தி இருக்காளாம். அம்மாகிட்ட நான்தான் பக்குவமா எடுத்துச் சொல்லணுமாம்... உங்ககிட்ட எந்த வாயால சொல்வேன்? நாளைக்கு அத்தனை பேர் முன்னால அவனுக்காக நீங்க கதவைத் திறக்கப் போறீங்க. அந்த நீலத்தை என் கையால போட மனசு வரல அண்ணி.

அண்ணி: அழாதேடா. ஏணி ஆடுது.

தம்பி: நீங்க... நீங்க ஏன் அழல?

அண்ணி: என்கிட்ட அவர் எப்பவோ சொல்லிட்டார்டா. அண்ணன்னா உனக்கு உசிரு, அதை நான் எதுக்கு உடைக்கணும்னு இருந்துட்டேன். ‘அண்ணன் எப்ப வருவான்?’னு நீ கேக்கறப்பல்லாம் ‘வருவார், வருவார்’னு சிரிச்சேனே... வீட்டுல அதைத்தான் நல்லா ஆடினேன் போல, மேடையிலதான் கை நின்னுபோச்சு. நீ நீலத்தையே போடு. நாளைக்குப் பாக்க வர்றவங்களுக்காவது அவர் வந்துட்டே இருக்கட்டும்.